தேங்காய் உடைத்த சத்தம்

கண்டி
8.1.1995

அன்புள்ள அத்தானுக்கு,

புஷ்பம் எழுதுவது. சுகமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள், அதனால் கேட்கவில்லை. அட்டை கடித்துப் புண்ணான இடம் ஆறிவிட்டதா என்பதை மட்டும் எழுதுங்கள். சுண்ணாம்பு தடவச் சொன்னேன். தடவியிருக்கமாட்டீர்கள்.

இங்கே எல்லாம் அப்படியேதான். காலையில் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, ஆறே முக்காலுக்கு நின்றுவிடுகிறது. அதற்குள் ஓட்டமும் நடையுமாகப் பிடித்துவைத்துவிட்டு மர்சூக் முதலாளியின் துணிக்கடைக்குப் போய் நிற்கிறேன். பொங்கல் வியாபாரம். விரித்துக் காட்டிய துணியை மடிப்பதற்குள் அடுத்தவள் வந்து அதையே விரிக்கச் சொல்கிறாள். சாயங்காலமானால் ஆபரேஷன் செய்த இடம் இழுத்துப் பிடிக்கிறது.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அதில் ஒரு நாள்கூட நீங்கள் வரவில்லை என்பதைச் சொல்லிக்காட்டக்கூடாது என்று இருந்தேன். சொல்லிவிட்டேன். யானைக்கூட்டம் ஊருக்குள் இறங்கியிருந்தது, லீவு தரவில்லை, எல்லாம் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் "ஒங்களுக்கு யாரும் இல்லீங்களா அக்கா?" என்று கேட்டாள். "இருக்காரு, யானை பாக்குறாரு" என்றேன். நான் காய்ச்சலில் பிதற்றுகிறேன் என்று அவள் தாதியைக் கூப்பிட்டுவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கண்டியில் உங்கள் வனவிலங்குக் காரியாலயத்தில் களஞ்சியம் பார்க்கும் பெரியவர் சித்திரையோடு ஓய்வு பெறுகிறாராம். அங்கே வேலை செய்யும் பியூனின் மனைவி கடைக்கு வந்தபோது சொன்னாள். நீங்கள் விண்ணப்பம் போடவேண்டும், ரேஞ்சர் நல்லபடி ஒரு வரி எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான். நாலு வருஷம் அந்த மலையில் இருந்தது போதும். யானை பார்க்க ஆசையாயிருந்தால் ஆடி மாதம் பெரஹரா ஊர்வலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாற்றம் கிடைக்க நான் ஒரு நேர்த்தி வைத்திருக்கிறேன். உங்கள் ரோட்டு வளைவில் மரத்தடியில் ஒரு பிள்ளையார் கல் இருக்கிறது என்று சொன்னீர்களே, அவருக்குத் தை முதல் வெள்ளியிலிருந்து பதினொரு வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்து, வாழைப்பழமும் கரும்பும் சர்க்கரையும் படைக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளுக்குப் பதினொரு வெள்ளி. என்னால் அங்கே வர முடியாது. எனக்காக நீங்கள் செய்யுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள்
புஷ்பம்


சரணாலயக் காவல் நிலையம்
தெல்தெனிய வழி
29.1.1995

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதம் ஐந்து நாள் கழித்துக் கிடைத்தது. இங்கிருந்து போவதும் வருவதும் அப்படித்தான். கால் ஆறிவிட்டது. சுண்ணாம்பு தடவினேன், நம்பு.

விண்ணப்பம் எழுதி ரேஞ்சரிடம் கொடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு, "அழகமுத்து, உனக்கும் இந்த மலை சலித்துவிட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். நல்ல மனுஷன், எழுதித் தருவார்.

இரண்டு வெள்ளி முடிந்துவிட்டது. அந்த இடத்தை நீ பார்த்ததில்லை. ஒரு பக்கம் மலைச்சரிவு முழுக்கக் காடு, மறுபக்கம் கீழே நீர்த்தேக்கம். வளைவில் ஒரு பெரிய மரம், அடியில் கல். இந்த வழியாகப் போகும் டிரைவர்மார் சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, வேகத்தைக் குறைத்து இறங்கி, ஒரு கொப்பு முறித்துக் கல்லுக்கு மேலே தொங்கவிட்டுவிட்டுத்தான் போவார்கள். காட்டைத் தாண்டும்வரை யானை குறுக்கே வராமல் இருப்பதற்கு. படையல் கிடையாது, இலைக்கொப்பு மட்டும்தான். எல்லைக்கு அப்பால் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டில் இருக்கும் இராமையா அண்ணன்தான் கல்லைக் கழுவிக் கற்பூரம் காட்டுகிறவர். வேலையிலிருந்து நின்றுவிட்ட மனுஷன், வெள்ளிக்கு வெள்ளி வருவார். நேர்த்தி என்ன என்று கேட்டார். நீ டவுனில் தனியாக இருப்பதையும் உடம்புக்கு முடியாததையும் சொன்னேன். "பாவம்ப்பா" என்றார்.

ஒரு விஷயம். முதல் வெள்ளி நான் படைத்துவிட்டு வந்த சாமான்களை யானை தின்றிருந்தது. இரண்டாம் வெள்ளி நான் இருக்கும்போதே வந்துவிட்டது. நான் உனக்குச் சொல்லியிருக்கிறேனே, கொம்பில்லாத தனியன், இடது காதில் கிழிசல், அதுதான். தேங்காய் உடைத்துக் கைகூட எடுக்கவில்லை, மானாப் புல்லை விலக்கிக்கொண்டு வந்து நின்றது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

என் வேலை என்ன தெரியுமா? "யானைகளுக்கு உணவு கொடுக்காதீர்" என்று மூன்று மொழியில் போர்டு நட்டிருக்கிறோம். அந்தப் போர்டை நட்டது நான்தான். அதனால் பூவும் கற்பூரமும் மட்டும் வைத்து மீதி வெள்ளிகளை முடிக்கலாமா? நேர்த்தி உன்னுடையது, நீ சொல்லவேண்டும்.

அன்புடன்
அழகமுத்து


கண்டி
6.2.1995

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளையாரே காலால் நடந்து வந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், நீங்கள் போர்டு என்கிறீர்கள், மூன்று மொழி என்கிறீர்கள்! உங்களைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம், இந்தக் குணம் மட்டும் மாறவே இல்லை.

படையல் வேறு, தீனி வேறு. நீங்கள் சாமிக்கு வைத்தீர்கள். அதற்குப் பிறகு யார் எடுத்தால் என்ன? கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் காக்கை தின்னவில்லையா? பூ மட்டும் வைக்கலாமா என்று இனிமேல் எழுதாதீர்கள். நேர்ந்தது நேர்ந்ததுதான்.

கோவிலில் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை அத்தான். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எந்த பஸ்ஸில் போகவேண்டும் என்றுகூடக் கேட்டார்கள். நாலு வருஷமாக யானைக்காரர் பெண்சாதி என்று என்னைக் கேலி பண்ணியவர்கள்தான். எனக்கும் ஒரு நாள் பெருமையாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

மர்சூக் முதலாளிதான் விடவில்லை. "என்ன புஷ்பம் தங்கச்சி, ஒங்கட சாமி நேர்ல வந்தா அப்படியே டிரான்ஸ்பர் ஓடர்லயும் ஒரு கையெழுத்து வெக்கச் சொல்லுங்க" என்றார். வைப்பார், பாருங்கள் என்றேன்.

சர்க்கரை அனுப்பியிருக்கிறேன். தெல்தெனிய பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். எறும்பு வருவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
புஷ்பம்


காவல் நிலையம்
5.3.1995

அன்புள்ள புஷ்பத்துக்கு,

சர்க்கரை கிடைத்தது. ஏழு வெள்ளி முடிந்தது. விண்ணப்பத்தை ரேஞ்சர் நல்ல வார்த்தை எழுதி மேலே அனுப்பிவிட்டார்.

நீ கோவிலில் சொன்ன செய்தி இங்கே வந்து சேர்ந்துவிட்டது. கண்டியிலிருந்து இரண்டு வேன் வந்தது. போன வாரம் நாலு. அக்குறணையிலிருந்துகூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். எல்லோர் கையிலும் வாழைப்பழச் சீப்பு. நான் போர்டைக் காட்டித் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் நான் அங்கேயே நிற்க முடியாதே, பன்னிரண்டு மைல் சுற்றவேண்டியிருக்கிறது. நான் போனதும் வருகிறார்கள். தேங்காயும் உடைக்கிறார்கள்.

தனியன் இப்போது வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. தேங்காய் உடைக்கும் சத்தம் எந்த நாளில் கேட்டாலும் இறங்கி வருகிறது. முன்பெல்லாம் மனுஷ வாடை பட்டாலே காட்டுக்குள் போய்விடும். இப்போது ரோட்டு நடுவில் நின்று வண்டியை மறிக்கிறது. முந்தாநாள் லொறிக்காரன் ஒருவன் தன் சாப்பாட்டுப் பாணை எறிந்துவிட்டுத் தப்பித்திருக்கிறான்.

இராமையா அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நான் இந்தக் கல்ல முப்பது வருசமா கழுவுறேன். ஒரு நாள் ஒரு பழம் வெச்சதில்ல. ஏன்னு நெனைக்கிறீங்க? தேங்கா சத்தத்துக்கு சாமி வருதோ இல்லியோ, யான வந்துரும். வந்துச்சுன்னா அதுக்கும் நல்லதில்ல, நமக்கும் நல்லதில்ல. வீட்டம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க, நிறுத்திருவோம்" என்றார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யானையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத்தான் அவர் சொன்னார்.

நிறுத்தட்டுமா, புஷ்பம்? ஒரு வரி எழுது.

அழகமுத்து


கண்டி
11.3.1995

அத்தானுக்கு,

நிறுத்தாதீர்கள்.

ஏழு முடிந்து நாலுதான் பாக்கி. நேர்த்தியைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை. மனு மேலே போயிருக்கிற நேரத்திலா நிறுத்துவது?

உங்களுக்குக் காடு இருக்கிறது, யானை இருக்கிறது, பேச இராமையா அண்ணன் இருக்கிறார். எனக்கு மாடி அறையில் ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும்தான். நேற்றுக் கடையிலிருந்து வந்து கதிரையில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. சமைக்கவும் இல்லை. ஒரு ஆளுக்கு என்ன சமையல் என்று அப்படியே இருந்துவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது அத்தான். கோபம்கூட இல்லை, அலுப்புத்தான்.

நாலே வெள்ளி. முடித்துவிடுங்கள்.

புஷ்பம்


காவல் நிலையம்
17.4.1995

அன்புள்ள புஷ்பத்துக்கு,

புதுவருஷத்துக்கு வரமுடியவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், கோபிக்காமல் வாசி.

பதினொரு வெள்ளியும் முடித்தேன். முடித்த மறுநாள், சனிக்கிழமை பகலில், ஒரு வேன் வளைவில் நின்றிருக்கிறது. தனியன் வந்து ஜன்னலுக்குள் தும்பிக்கையை விட்டிருக்கிறது. பழத்துக்குத்தான். உள்ளே இருந்த அம்மா பயந்து தள்ளப்போய்க் கை முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யானையைப் பிடித்துக் கிழக்குப் பக்கத்துக் காட்டுக்கு அனுப்பவேண்டும். மிருக வைத்தியர் மயக்க ஊசித் துவக்கோடு வந்தார். ஆட்களும் லொறிகளும் வந்த சத்தத்தில் தனியன் மலைக்கு மேலே ஏறிவிட்டது. மூன்று நாள் தேடினோம். செங்குத்தான சரிவு, அங்கே வைத்துச் சுட்டால் விழுந்து செத்துவிடும் என்றார் வைத்தியர். சமதரைக்கு இறங்கி வரவேண்டும், எப்படி வரவழைப்பது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்தான் சொன்னேன், தேங்காய் உடைத்தால் வரும் என்று.

பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை பகல் பத்து மணிக்கு எல்லோரையும் மறைந்து நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் கல்லுக்குப் போனேன். வழக்கம் போலப் பழமும் கரும்பும் வைத்தேன். தேங்காயை உடைத்தேன். கால் மணி நேரம் ஆகவில்லை, வந்துவிட்டது. என்னைப் பார்த்தது. நான் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை, நகர்ந்தால் சந்தேகப்படும். பத்தடி தூரத்தில் கரும்பை எடுத்து மடித்தபோது ஊசி தைத்தது. அப்போதும் ஓடவில்லை புஷ்பம். கரும்பைக் கீழே போடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்று, முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது.

சங்கிலி போட்டு லொறியில் ஏற்றிய பிறகு வைத்தியர் கேட்டார், "இந்தச் சத்தத்துக்கு இதை யார் பழக்கினது?" ரேஞ்சரும் என்னைப் பார்த்தார். என் மேல்சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது.

"கோவில் ஆட்கள்" என்றேன்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை, இரண்டே வார்த்தை. அடுத்த நாள் பொலிஸ் வந்து இராமையா அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கல்லைப் பார்த்துக்கொள்வது அவர்தானே. நான் ஜீப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். யார் படையல் வைத்தது என்று கேட்டார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சாமி காரியம்ங்க, யாருன்னு சொல்றது?" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன செய்ய என்று எழுது. இல்லை, எழுதவேண்டாம். எழுது.

அழகமுத்து


கண்டி
23.4.1995

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும், பியூனின் மனைவி கொண்டுவந்த செய்தியும் ஒரே நாளில் வந்தன. மாற்றம் சரியாகிவிட்டது. கையெழுத்தும் ஆகிவிட்டதாம். ஜூன் முதலாம் திகதி நீங்கள் கண்டியில் வேலைக்கு வரவேண்டும். உங்கள் கைக்கு ஓடர் வர இரண்டு வாரம் ஆகும் என்றாள்.

இதைக் கேட்டு நான் துள்ளியிருக்கவேண்டும். கடையில் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி தண்ணீர் கொடுத்தார்.

அத்தான், வாயைத் திறக்காதீர்கள். இராமையா அண்ணன் வயசானவர், அவரை என்ன செய்துவிடப் போகிறார்கள்? எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் சொன்னால் வேலை போகும். அரசாங்க வேலையில் இருக்கிறவரே சட்டத்தை மீறினார் என்றால் சும்மா விடுவார்களா? அதுவும் நம்மைப் போன்ற ஆட்களை? நான் கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பாவம் என்று எனக்கும் தெரிகிறது. தெரிந்துதான் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் எனக்காக என்று நீங்கள் எதையும் செய்யவேண்டியிருந்ததில்லை. இந்த ஒரு தடவை எனக்காகச் சும்மா இருங்கள்.

நான் அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
புஷ்பம்


காவல் நிலையம்
14.5.1995

அன்புள்ள புஷ்பத்துக்கு,

ஓடர் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் பேச்சைக் கேட்டு இரண்டு வாரம் சும்மாதான் இருந்தேன். இராமையா அண்ணனுக்குப் பிணை நிற்க ஆளில்லை. வழக்கை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டார்கள். அவரைப் போகம்பறைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். நீ கடைக்குப் போகும் வழிதான். உனக்குச் சொல்லாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை, யானையை ஏற்றிப்போன லொறி டிரைவர் இந்தப் பக்கம் வந்தான். தனியன் செத்துவிட்டதாம். போய் மூன்று வாரம் ஆகுமுன்பே. அங்கே காட்டோரம் ஒரு குடியேற்றக் கிராமம். யாரோ புது வீட்டுக்குத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். பட்டப்பகல், வாசல் நிறைய ஜனம். அதற்கு நடுவில் இது வந்து நின்றிருக்கிறது. ஒருவரையும் தொடவில்லையாம், சும்மா நின்றதாம். துவக்கு வைத்திருந்த ஒருவன் சுட்டுவிட்டான். "பைத்தியக்கார யானை, அலுவல் பார்க்கிற ஆட்களுக்கு நடுவிலேயே வந்து நின்றதாம்" என்று டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அது பைத்தியக்கார யானை இல்லை புஷ்பம். அந்தச் சத்தத்தை அதற்குப் பழக்கியது நான். அந்தச் சத்தத்தை வைத்தே பிடித்துக் கொடுத்ததும் நான். யானையைக் காப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.

நான் ரேஞ்சரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பதினொரு வெள்ளியும் நான்தான் வைத்தேன், இராமையா நிறுத்தச் சொன்னவர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "மடையா, ஓடர் உன் கையில் இருக்கிறது. ஜூன் மாதம் கண்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்து சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார். கண் கலங்கியிருந்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் மேலே எழுதத்தான் வேண்டும் என்றார், எழுதிவிட்டார்.

வேலை போகாதாம். ஆனால் மாற்றம் ரத்து. ஐந்து வருஷத்துக்கு வேறு இடம் கேட்கக்கூடாது, இங்கேயே இருக்கவேண்டும். இருபத்துநாலாம் திகதி, புதன்கிழமை, தெல்தெனிய நீதிமன்றத்தில் வந்து சொல்லவேண்டும்.

உன்னிடம் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நான் கேட்டுக்கொள்வேன், அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. வெள்ளையடித்த காசு வீண். இன்னும் ஐந்து வருஷம் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ என்ன முடிவு செய்தாலும் சரி. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அழகமுத்து


கண்டி
26.5.1995

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு ஒரு சேலையைக் கிழித்துவிட்டேன். அளந்து வெட்டவேண்டிய துணி இல்லை, விற்க மடித்துவைத்த முழுச் சேலை.

நீங்கள் செய்தது சரி. அது தெரிந்துதான் எனக்கு ஆத்திரம். பிழை என்றால் திட்டிவிட்டுப் போகலாம். ஊருக்கெல்லாம் நியாயம் செய்கிறீர்கள், எனக்கு வரும்போது மட்டும் "லீவு தரவில்லை" என்கிறீர்கள். இதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது, அதனால் எழுதுகிறேன்.

இராமையா அண்ணன் போகம்பறையில் இருக்கிறார் என்பது உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பியூனின் மனைவி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் அந்த மதில் வழியாகக் கடைக்குப் போவதில்லை. மார்க்கட் பக்கமாகச் சுற்றிப் போனேன். கால் நோக நோகச் சுற்றினேன். நீங்கள் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினீர்கள். எனக்கு எது இறங்கியது என்று நினைத்தீர்கள்?

புதன்கிழமை நான் தெல்தெனியவுக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏழு மணி பஸ் எடுத்தேன். உங்களோடு சண்டை போடத்தான் வந்தேன், நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுகூட ஒரு யோசனை. பாதி வழியில் செக்பொயிண்டில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்ததில் பிந்திவிட்டது. நான் வருவதற்குள் நீங்கள் உள்ளே போயிருந்தீர்கள்.

வெளியே நீள மர வாங்கில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தது. மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். நகர்ந்து இடம் கொடுத்தது. யாருக்கு வந்தீங்க என்று நான் கேட்டேன். "எங்க வீட்டுக்காரருக்கும்மா, இராமையான்னு பேரு" என்றது. பேச்சியம்மா என்று அந்த அம்மாவுக்குப் பெயர். நான் யார் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தானாகவே பேசியது. "இன்னைக்கு விட்டுருவாங்க. அந்த வாச்சர் தம்பி உள்ள போயி நான்தான் செஞ்சேன்னு சொல்லுது. இவருக்கு மொதல்லயே தெரியும்மா. ஜெயில்ல பாக்கப் போனப்ப நான் சண்ட போட்டேன், ஏன் சொல்ல மாட்டேங்குறீங்கன்னு. அந்தத் தம்பியோட சம்சாரம் டவுன்ல ஒண்டியாக் கெடக்காம், வயித்துல ஆபரேசன் பண்ணுன ஒடம்பாம். எப்ப வருவாரு எப்ப வருவாருன்னு காத்துக்கிட்டு இருக்காம். நான் சொன்னா அந்தப் புள்ளயோட காத்திருப்பு வீணாப் போயிரும், விடு, நமக்கு என்ன, இங்கயும் ஒரு வேளை சோறு போடுறான்னாரு. இப்படி ஒரு மனுசன்" என்றது.

பிறகு பொட்டலத்தைப் பிரித்து, "சாப்பிடுங்கம்மா, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு" என்றது. நான் சாப்பிட்டேன் அத்தான். பாணும் சம்பலும். அந்த அம்மாவின் கையால் வாங்கிச் சாப்பிட்டேன். நான்தான் அந்தச் சம்சாரம் என்று சொல்ல வாய் வரவே இல்லை.

இராமையா அண்ணன் வெளியே வந்தார். மெலிந்த மனுஷன், தோளில் ஒரு துவாய். அவருக்குப் பின்னால் நீங்கள் வந்தீர்கள். காக்கிச் சட்டை தொளதொள என்று கிடந்தது. படியில் நின்றீர்கள். இராமையா அண்ணன் உங்கள் முதுகில் கையை வைத்து ஏதோ சொன்னார், நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். பதினைந்தடி தூரம்தான் இருக்கும். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சண்டை போடுவேன், இல்லாவிட்டால் ஜனத்துக்கு நடுவில் அழுவேன். தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். நீங்கள் போகும்வரை நின்றேன். பிறகு பஸ் எடுத்துக் கண்டிக்கு வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். நாலு வருஷமாக நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் "வாங்க, வாங்க" என்றுதான். நீங்கள் எழுதியதெல்லாம் "வருகிறேன், பார்க்கிறேன்" என்றுதான். "நீ இங்கே வா" என்று நீங்கள் ஒரு தடவை எழுதியதில்லை. "நான் வரட்டுமா" என்று நானும் கேட்டதில்லை. எனக்குக் காடு பயம், யானை பயம், அட்டை அருவருப்பு, குளிர் ஆகாது. அதையெல்லாம் நீங்கள் கேட்டும் இருக்கமாட்டீர்கள், நானாகச் சொல்லிக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையாரை நடுவில் இழுத்துவிட்டு, ஒரு யானையைக் கொன்று, ஒரு வயசான மனுஷனை ஆறு வாரம் உள்ளே வைத்தோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன், மாதக் கடைசியோடு நிற்கிறேன் என்று. "அங்க போயி என்னத்தச் செய்யப் போறீங்க தங்கச்சி?" என்றார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அறைக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. அலுமாரியை விற்றுவிடப்போகிறேன். தையல் மெஷினை லொறியில் ஏற்றிவிட முதலாளி ஒழுங்கு செய்கிறார்.

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வந்தும் பேசாமல் இருப்பேனோ என்னவோ. வந்த முதல் வேலையாக லயத்துக்குப் போய்ப் பேச்சியம்மாவிடம் நான் யார் என்று சொல்லவேண்டும். நீங்கள் கூட வரவேண்டாம், நான் தனியாகப் போய்ச் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு, நாலாம் திகதி, பத்து மணிபோல தெல்தெனிய பஸ் நிலையத்தில் நில்லுங்கள். லீவு கிடைக்காவிட்டால் யாரையாவது கேட்டு நானே ஏறி வந்துகொள்கிறேன். வரவேண்டாம் என்று சொல்ல நினைத்தால் அதற்கு வழியில்லை. உங்கள் கடிதம் ஐந்து நாள் எடுக்கும், அது வந்து சேரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன்.

புஷ்பம்